நூற்றுப் பதினேழாம் வீடு

இல்லாத ஒருத்தி ஆபீசுக்குப் போன் செய்திருந்தாள்.

"ஷீலா, உன் நூத்திப் பதினேழாம் வீட்டுக்காரி பேசினா," என்றார் கிருஷ்ணஸ்வாமி சார், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டே. "பவுன்னு பேர் சொன்னா. நல்ல தமிழ். செவ்வாய்க்கிழமை மூணு மணிக்கு வரச் சொல்றா. ரெண்டாவது ரவுண்டுக்குத் தானா கூப்பிடறவா யார் இருக்கா, சொல்லு!"

ஷீலா சிரித்து வைத்தாள்.

பூனாவின் சாலைச் சத்தம் மனிதர்களின் மனதை என்ன பாடுபடுத்துகிறது என்று கண்டுபிடிக்கச் சார் நடத்தும் ஆய்வு அது. உதவியாளரான ஷீலாவின் வேலை, வீடு வீடாகப் போய், சத்தம் அளக்கும் மீட்டரை மேஜைமேல் வைத்துவிட்டு, இருபத்தெட்டுக் கேள்விகள் கேட்டு ஃபாரத்தை நிரப்புவது. ஆறு மாதம் கழித்து அதே வீடுகளில் அதே கேள்விகளை மறுபடி கேட்பது இரண்டாவது ரவுண்டு. பிப்ரவரியில் சாங்வியில், ஆற்றை ஒட்டிய கட்டிடத்தின் மூன்றாம் மாடியில் அந்த வீடு பூட்டிக் கிடந்தது. மூன்று தடவை போனாள். மூன்று தடவையும் அதே துருப்பிடித்த பூட்டு. மறுநாள் எல்லா ஃபாரங்களையும் ஒப்படைத்தாக வேண்டும். ஆய்வு பற்றிய நோட்டீசைக் கதவிடுக்கில் தள்ளிவிட்டு, மாடிப்படியிலேயே உட்கார்ந்து, ஃபாரத்தைத் தானே நிரப்பிவிட்டாள்.

பெயருக்கு வாயில் வந்தது பவுன். மொழி தமிழ். வீட்டில் இருப்பவர்கள் மொத்தம் ஒருவர். கடந்த மாதம் வெளியே போன நாட்கள் பூஜ்யம். மனநிலைக் கேள்விகள் வந்தபோதுதான் திணறினாள். இருபது பொய்களை ஒன்றோடொன்று ஒட்டவைப்பது லேசுப்பட்ட காரியமா? அதனால் தன்னுடைய பதில்களையே எழுதினாள். தூக்கம் வருகிறதா? எப்போதாவது. இங்கிருந்து எப்படியாவது போய்விட வேண்டும் என்று தோன்றுகிறதா? எப்போதும்.

அந்த 'எப்போதும்' மட்டும் சத்தியமான உண்மை. கட்கியில் அப்பாவின் ஃபேக்டரி குவார்ட்டர்ஸில், இரண்டு அறைக்குள் ஆறு பேர். மும்பையில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்தால் தப்பித்துவிடலாம். அதற்குச் சாருடைய சிபாரிசுக் கடிதம் வேண்டும்.

"ரெண்டு ஃபாரமும் ஒத்துப்போறதான்னு நானே பாப்பேன்," என்றார் சார். "ஒரு பொய் ஃபாரம் இருந்தாக்கூட லெட்டர் கிடையாது. யாரா இருந்தாலும் சரி."

செவ்வாய்க்கிழமை ஆய்வுக் குழுவின் தினேஷ் அவளை பைக்கில் கொண்டுவந்து இறக்கினான். "அரே, அரை மணிநேரம்தான், ஓகே? நான் எதிர் டப்ரி கடைல சாய் குடிச்சிட்டு இருக்கேன்."

யாரோ புதிதாகக் குடிவந்து நோட்டீசைப் பார்த்துக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று தனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டு படியேறினாள். அப்படியானால் பவுன் என்ற பெயர் எப்படி வந்தது? அதற்குச் சமாதானம் கிடைக்கவில்லை. மின்சாரம் நின்றுபோன மத்தியான நேரம், படிக்கட்டு முழுக்க ஆகஸ்ட் மாத ஈரச் சுவரின் நாற்றமும் ஆற்றுச் சாக்கடையின் நாற்றமும் கலந்து தொண்டையில் ஒட்டின. கீழ்வீடுகளில் குக்கர் சத்தம், பாத்திரச் சத்தம், ஒரு குழந்தையின் அழுகை எல்லாம் மாடிக்கு மாடி மங்கி, மூன்றாம் மாடியில் அவள் செருப்புச் சத்தம் மட்டுமே மிச்சமிருந்தது. கதவில் பூட்டு இல்லை. பூட்டு தொங்கிய இடத்தில் துரு மட்டும் வட்டமாகப் படிந்திருந்தது.

"தள்ளுங்க. வெளிய இருந்துதான் திறக்கும்," என்றது ஒரு பெண்குரல்.

கேள்வி கேட்கப் போகும் வீட்டில் கதவை மூடவிடக் கூடாது என்பது பாடம். ஷீலா தன் குடையைக் கதவிடுக்கில் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

ஒரு மேஜை, இரண்டு நாற்காலி. கம்பி போட்ட ஒரே ஜன்னல், அதன் கண்ணாடி மூடியிருந்தது. அந்தப் பெண் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். பின்னாலிருந்து வந்த வெளிச்சத்தில் முகம் வெறும் இருட்டாக இருந்தது. தரையில் தூசி படிந்திருந்தது, அதில் ஷீலாவின் காலடிகள் மட்டும்.

மீட்டரை மேஜையில் வைத்தாள். யாரும் பேசாத அறைக்கு நாற்பத்தொன்று. நல்ல மீட்டர் அது, வளையல் குலுங்கினாலே எண் தாவும். ஷீலா தொண்டையைக் கனைத்தாள். அறுபத்து மூன்று.

"உங்க பேருங்க?"

"பவுன்."

நாற்பத்தொன்று.

பேட்டரி போய்விட்டதோ என்று ஷீலா மீட்டரைத் தட்டினாள். எண் எழுபதுக்குத் தாவி இறங்கியது. பேட்டரி நன்றாகத்தான் இருந்தது.

"தூக்கம் வருதுங்களா?" ஐம்பத்தெட்டு.

"எப்பவாச்சும்." நாற்பத்தொன்று.

பதில்கள் ஒன்றுகூடப் பிசகவில்லை. பிப்ரவரியில் மாடிப்படியில் உட்கார்ந்து எழுதிய அதே பதில்கள், அதே வரிசையில் வந்தன. ஃபாரம் ஒத்துப்போகிறது, கடிதம் கிடைத்துவிடும் என்று மனதின் ஒரு மூலை வெட்கமில்லாமல் சந்தோஷப்பட்டது. இன்னொரு மூலை, எழுந்து ஓடு என்றது. ஆனால் இன்னும் பத்துக் கேள்விதானே. முடித்துவிட்டே போகலாம் என்று அடுத்ததைக் கேட்டாள். அவள் குரலுக்கு ஐம்பத்திரண்டு. அதற்கடுத்த கேள்விக்கு நாற்பத்தேழு. அந்தப் பெண் பதில் சொன்னாள்.

ஐம்பத்தைந்து.

ஷீலாவின் பேனா நின்றது.

"இங்கருந்து எப்படியாவது போயிரணும்னு..." அவளால் முடிக்க முடியவில்லை. நாற்பத்து மூன்று.

"எப்பவும்," என்றாள் அந்தப் பெண். அறுபது. "நீங்க எழுதினதுதானே. வெளிய போன நாள் பூஜ்யம்னு எழுதிட்டுப் போயிட்டீங்க. அன்னிலேருந்து இந்தக் கதவு எனக்குத் திறக்கவே இல்ல. கத்திப் பாத்தேன். தட்டிப் பாத்தேன். ஆறு மாசம்."

"நான்... மாத்தி எழுதிடறேன். இப்பவே மாத்திடறேன்."

"வேணாம். சார் பொருத்திப் பாப்பாருல்ல?" குரலில் கோபமே இல்லை. ஃபாரத்தைத் தன் பக்கம் திருப்பி, ஒரு கட்டத்தில் விரலை வைத்தாள். "வீட்டுல மொத்தம் எத்தனை பேர்னு இருக்கு?"

ஷீலாவின் உதடு அசைந்தது. "ஒருத்தர்."

நாற்பத்தொன்று.

"ஆமா. இப்ப ரெண்டு பேர் இருக்கோம்."

அந்தப் பெண் எழுந்தாள். பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். ஷீலாவின் பை. ஃபாரத்தை அதில் வைத்தாள். ஷீலா எழ முயன்றாள். கால் வரவில்லை. கதவிடுக்கில் இருந்த குடையை அந்தப் பெண் குனிந்து எடுத்தாள். எடுக்கும்போது கதவோரத்து வெளிச்சம் முகத்தில் விழுந்தது. தினமும் கண்ணாடியில் பார்க்கும் முகம்.

கதவு சாத்திக்கொண்டது. எண்பத்திரண்டு.

அப்போதுதான் கால் வந்தது. ஓடினாள். கதவின் உட்பக்கம் கைப்பிடி இல்லை. தாழ்ப்பாள் இல்லை. நகத்தால் பிராண்டிய கோடுகள், மேலிருந்து கீழ்வரை.

ஜன்னலுக்கு ஓடினாள். கீழே தினேஷ் டப்ரியில் டம்ளரை வைத்துவிட்டு பைக்கை உதைத்தான். அவள் வந்தாள், ஷீலாவாக. தினேஷ் ஏதோ சொன்னான். இருவரும் சிரித்தார்கள். அவள் பின்னால் ஏறி உட்கார்ந்து அவன் தோளைப் பிடித்துக்கொண்டாள். ஒரே ஒரு தடவை மேலே பார்த்தாள்.

ஷீலா கத்தினாள். தினேஷ்! கம்பிக்குள் கையை விட்டுக் கண்ணாடியை அறைந்தாள். அம்மா! தொண்டை கிழியக் கத்தினாள். பைக் திரும்பியது. போய்விட்டது.

கத்திக்கொண்டே திரும்பிப் பார்த்தாள். மேஜைமேல் அந்தப் பெண் விட்டுப்போன மீட்டர்.

நாற்பத்தொன்று.