கூண்டுக்குள் கழுத்துப்பட்டை

காட்டுக்குள்ளிருந்த அந்தப் பழைய காவல் வீட்டுக்கு ஜீப் வந்து சேர்ந்தபோது, பொழுது சாய்ந்து மழையும் பிடித்துக்கொண்டது. பின்சீட்டில் கூண்டு. அதற்குள் ஒரு புலிக்குட்டி. தாய்ப்புலி கம்பிக் கண்ணியில் சிக்கிச் செத்ததிலிருந்து அது ஒரு சொட்டுப் பால் குடிக்கவில்லை. அந்தக் காட்டில் மிச்சமிருந்த ஒரே புலி அதுதான். மண் சரிந்து அடைபட்ட டவுன் பாதை சரியாகி மிருக டாக்டர் வரும்வரை அதை உயிரோடு வைத்திருப்பதுதான் வனக்காவலரான அவளுக்கு இட்ட வேலை. ஆனால் அவளும் பிள்ளை பெற்றவள்தானே! ஒட்டிப்போன அந்த வயிற்றைப் பார்த்ததும் பால் புட்டியை நிரப்பி மேசைமேல் வைத்தாள்.

கூண்டை உள்ளறையில் வைத்துவிட்டு வந்தார் டிரைவர். வாய் ஓயாததால் அவருக்கு 'ரேடியோ' என்றே பெயர்.

"அக்கா, செத்த புலியோட கழுத்துப்பட்டையைக் கூண்டுல போட்டிருக்கேன். அம்மா வாசனை இருந்தா குடிக்கும்ல?"

"அதுல ஒட்டியிருந்த காந்தம் எங்க?"

"குட்டி முழுங்கிடுமேன்னு எடுத்துட்டேன்."

அவள் தலையிலடித்துக்கொண்டாள். காந்தம் ஒட்டியிருக்கும்வரை பட்டை அணைந்திருக்கும்; எடுத்தால் மறுபடி சிக்னல் அனுப்பும். ஆன்டெனாவைப் பட்டை இருக்கும் பக்கம் திருப்பினால் கருவியில் சத்தம் கூடும்; புலி எந்தப் பக்கம் திரிகிறது என்று அப்படித்தான் கண்டுபிடிப்பார்கள். அவர் சொல்லி வாய் மூடவில்லை, மேசைமேல் கருவி ஒலித்தது.

டிக்... டிக்...

"போய் ஒட்டிட்டு வாய்யா, பேட்டரி வீணாகுது" என்றபடி ஆன்டெனாவை உள்ளறைப் பக்கம் திருப்பினாள்.

சத்தம் குறைந்தது.

வெளி ஜன்னல் பக்கம் திருப்பினாள்.

கூடியது.

"பட்டை கூண்டுலதானே கிடக்கு?"

"கண்ணெதிர கிடக்குக்கா" என்று உள்ளிருந்து பதில் வந்தது.

ஜன்னலிலிருந்து சிக்னல் நகர்ந்தது. வீட்டைச் சுற்றிக்கொண்டு, அவசரமில்லாமல், பின்சுவர்ப் பக்கம் போனது. நனைந்த மயிரின் வாடையும் காய்ந்த ரத்தத்தின் வாடையும் கலந்து வந்தன. உள்ளே குட்டி குரல் கொடுத்தது. தாய் செத்தபின் அது வாய் திறந்தது அப்போதுதான்.

டிரைவர் பாய்ந்து வெளியே வந்து உள்ளறைக் கதவைச் சாத்தினார்.

"உள்ள... மூச்சு விடுதுக்கா."

"குட்டியா?"

"பெருசு."

அதற்குமேல் ரேடியோவுக்குப் பேச்சு எழவில்லை.

ஆன்டெனா இப்போது அந்தக் கதவைத்தான் காட்டியது. ஓடிவிடலாமா என்றுகூட நினைத்தாள். குட்டி போனால் அந்தக் காட்டில் புலி என்ற பேச்சே இருக்காது. பேயானாலும் தாய் என்பார்கள். கதவின் இந்தப் பக்கம் நிற்பவளுக்கு அதுவொன்றும் ஆறுதலாக இல்லை.

பால் புட்டியை இறுகப் பிடித்துக்கொண்டு கதவைத் தள்ளினாள்.

யாருமில்லை.

கூண்டின் பூட்டு அப்படியே இருந்தது. குட்டி வயிறு புடைக்கத் தூங்கிக்கொண்டிருந்தது. அதன் வாயோரம் பால் வழிந்திருந்தது. அவள் கையிலிருந்த புட்டியில் ஒரு சொட்டும் குறையவில்லை.

"அக்கா, அதோட தலையைப் பாருங்க" என்றார் டிரைவர், காற்றுக்கும் கேட்காத குரலில்.

தூங்கும் குட்டியின் நெற்றி மயிர் ஈரமாகி, யாரோ நக்கிக் கொடுப்பதுபோல, மெல்லப் படிந்து படிந்து எழுந்துகொண்டிருந்தது.