விக்டர் கொஞ்சம் பேசணுமாம்

மாங்கேணியில் பின்னேரம் ஆறு மணிக்கு யாரையும் தேடிப் போகாதீர்கள். வீண் அலைச்சல். தொலைக்காட்சியில் ‘சிவப்புக் கார்’ ஓடும் நேரம் அது.

இந்தியாவில் எடுத்த பழைய துப்பறியும் நாடகம். கம்சாயினியின் அப்பா சிறுவனாக இருந்தபோதே பார்த்தது. கள்ளன் யார் என்று அவருக்கு முதலிலேயே தெரியும். ஆனாலும் கதிரையை விட்டு எழும்ப மாட்டார். துப்பறிவாளர் விக்டரின் வெள்ளைக் கோட்டு, கறுப்புக் கண்ணாடி, அவசரமே இல்லாத நடை எல்லாம் அப்படி!

நாளைக்குப் பள்ளிக்கூடக் கலைவிழாவில் கம்சாயினிதான் விக்டர். அட்டைப்பெட்டியில் சிவப்புக் கார் செய்தாயிற்று. அப்பா கடலுக்குப் போடும் கறுப்புக் கண்ணாடியும் கிடைத்தாயிற்று.

“கவனம் புள்ள. அது இல்லாட்டி வெயிலுக்க கடலப் பாக்க ஏலா” என்று சொல்லித்தான் அப்பா கொடுத்தார்.

இப்போது ஜன்னலில் வைத்த கண்ணாடியைக் காணவில்லை!

கம்சாயினி வீடெல்லாம் தேடினாள். அப்பாவுக்கு என்ன பதில் சொல்வது? ஆனால் விக்டர் அழுவாரா? அவள் நிமிர்ந்து நின்று வெளியே பார்த்தாள். ஜன்னலடியில் சின்னச் சின்னக் காலடிகள். அவை பக்கத்து வீட்டுக்குப் போயின.

அங்கே நாலு வயதுக் கிருசிகா மணலில் விளையாடிக்கொண்டிருந்தாள். கம்சாயினி மெதுவாக நடந்துபோய், விக்டரின் குரலில் சொன்னாள்: “உங்கிட்ட கொஞ்சம் பேசணும்.”

கிருசிகாவின் உதடு பிதுங்கியது. ஒரே ஓட்டமாக ஓடி, கவிழ்த்து வைத்திருந்த தோணிக்குள் புகுந்துகொண்டாள்.

“வேணாம் அக்கா! பேச வேணாம்!”

கம்சாயினி விழித்தாள். நாடகத்தில் விக்டர் இப்படிக் கேட்டால் எல்லோரும் தேத்தண்ணி கொடுத்து உபசரிப்பார்களே? பிறகுதான் அவளுக்கு விளங்கியது. விக்டரின் ஊரில் பேசுவது என்றால் சும்மா கதைப்பது. இங்கே அம்மா பேசினால் ஏச்சு விழுகிறது என்று அர்த்தம்!

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மணலில் சப்பணமிட்டு உட்கார்ந்தாள்.

“பேச வரல்ல கிருசிகா. கதைக்கத்தான் வந்தன்.”

“மெய்யாவா?”

“ஓம், மெய்தான்.”

தோணிக்குள்ளிருந்து முதலில் கறுப்புக் கண்ணாடி வெளியே வந்தது. அதற்குப் பின்னால் கிருசிகா வந்தாள். கண்ணாடி மூக்கு நுனிக்கு இறங்கியிருந்தது. அவசரமே இல்லாமல் நடந்து வந்தாள்.

“நானும் விக்டர் அக்கா.”

கோபப்பட வேண்டும் என்றுதான் கம்சாயினி நினைத்தாள். முடியவில்லை.

“நாளைக்கு என்னோட வாறியா? கண்ணாடி எனக்கு. கார் ஓட்டுறது நீ.”

கிருசிகா உடனே கண்ணாடியைக் கழற்றி நீட்டினாள்.

மறுநாள் மேடையில் சிவப்புக் கார் வந்து நின்றது. விக்டர் இறங்கினார். கள்ளனாக நடித்த நிலோஜனை நெருங்கி, “உங்கிட்ட கொஞ்சம் பேசணும்” என்றார்.

அட்டைப்பெட்டிக்குள்ளிருந்து ஒரு சின்னத் தலை எட்டிப் பார்த்தது.

“பயப்படாத அண்ணா! அக்கா பேசமாட்டா. கதைக்கத்தான் வந்திருக்கா!”

மண்டபமே சிரித்தது. நிலோஜனும் சிரிப்பை அடக்க முடியாமல், முதல் கேள்விக்கு முன்பே களவை ஒப்புக்கொண்டுவிட்டான்.

“இத்தின வருசமா பாக்கன், விக்டர் இவ்வளவு கெதியா ஒரு கள்ளனையும் புடிச்சதில்ல” என்று கடலுக்குப் போகும்போதும் அப்பா சொல்லிக்கொண்டே போனார், கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு.