தொப், கும், தொப்

சேகரனுக்கு வலது கெண்டைக்கால் கல்லாக இறுகிக் கிடந்தது. கான்கிரீட் சட்டி சுமக்கிறவனுக்குத் தோள் வலிக்கும், இடுப்பு வலிக்கும். கெண்டைக்கால் வலி அவனுக்குப் புதிது. மாடிப்படியில் உட்கார்ந்து அதைப் பிசைந்துகொண்டிருந்தபோது, மேலே காவேரி அலறினாள்.

ஞாயிறு, மாலை 7.50. மைசூரு விஜயநகரில் ஒரு காபிக் கடை. கீழே கடை, மாடியில் மேடை. வாரம் ஒருநாள் அங்கே ஓபன் மைக். யார் வேண்டுமானாலும் வந்து பாடலாம்.

மேடைக்குப் பின்னால் இருந்த அறையில், கட்டிலில் அய்யாவு செத்துக் கிடந்தார். கட்டடத்தின் சொந்தக்காரர். எழுபது வயது. வாயோரம் வெற்றிலைச் சாறு வழிந்து காய்ந்திருந்தது. அறையில் இருந்த ஒரே தலையணை அவர் தலைக்கடியில் இருந்தது. வெள்ளை உறையில் ஒரு கறை இல்லை. பக்கத்து ஸ்டூலில் காபி ஆறி ஆடை படிந்திருந்தது. டம்ளரை எடுக்க வந்த சமையல்கட்டுக்காரி காவேரிதான் முதலில் பார்த்தாள்.

8.40. டாக்டர் கையுறையைக் கழற்றினார். "மெத்துனு எதையோ மூஞ்சியில வெச்சு அமுக்கியிருக்காங்க. ஆறு மணியில இருந்து ஏழரைக்குள்ள. அதுக்கு மேல துல்லியமாச் சொல்ல முடியாது."

சப் இன்ஸ்பெக்டர் சௌம்யா கடையை நடத்தும் தருண்குமாரை முதலில் கூப்பிட்டாள். அவள் அம்மா ஹனூர்ப் பக்கத்துத் தமிழ்க்காரி. வீட்டுத் தமிழும் ஊர்க் கன்னடமும் அவள் வாயில் கலந்தே வரும்.

"கடைசியா எப்பப் பாத்தீங்க?"

"ஏழு மணிக்கு மேடம். கதவுகிட்ட நின்னு பேசினேன். காபி கேட்டாரு. காவேரிய அனுப்பினேன்."

"அதுக்கப்புறம்?"

"யாரும் போகலை. அவ மட்டும்தான்."

அடுத்தது காவேரி. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு நின்றாள்.

"ஏழு அஞ்சுக்குப் போனனுங்க. தூங்கறாருன்னு வெச்சுட்டு வந்துட்டேன்."

"எழுப்பலையா?"

"எழுப்புனா திட்டுவாருங்க."

போன வாரம் இருபது பேர் முன்னால் அவளைத் திருடி என்று ஏசியவர் அய்யாவு. தருண்குமார் அதை மறக்காமல் சௌம்யாவிடம் சொல்லியிருந்தார்.

கடைசியாகச் சேகரன். நொண்டிக்கொண்டு வந்தான்.

"நீ யாரு?"

"டிரம் அடிக்கறவனுங்க. சொந்த ஊரு மார்டள்ளி. இங்க சென்ட்ரிங், கான்கிரீட் வேலை."

"யாரோட குரூப்?"

"ஒரு குரூப்பும் இல்லீங்க. டிரம்முக்கு ஆளில்லாம வர்றவங்களுக்கு உக்காந்து அடிப்பேன். வந்து மூணு வாரந்தான் ஆகுது. ஒருத்தரையும் தெரியாதுங்க."

"ஆளும் தெரியாது, பாட்டும் தெரியாது. எப்படி அடிப்பே?"

"கிடார்க்காரங்க கையையே பாக்கணுங்க. கை ஏறினா ஏறணும், தோள் எறங்கினா நிறுத்தணும்."

"அப்போ வேற எதையும் பாக்கலை."

"பாக்கலீங்க. கேட்டதுதான்."

"என்ன கேட்டே?"

சேகரன் சொன்னான். நிகழ்ச்சி மூன்று சுற்று. 5.30 முதல் 6.15 வரை ஒன்று, 6.25 முதல் 7.00 வரை ஒன்று, 7.10 முதல் 7.45 வரை ஒன்று. நடுவே இரண்டு இடைவேளை. இரண்டு முறையும் எல்லாரும் காபிக்குக் கீழே இறங்கினார்கள். தருண்குமார் மட்டும் ஒயர் சரிபார்க்க மேடையிலேயே இருந்தார்.

"ரெண்டாவது சுத்துல காலால மிதிக்கற பெரிய டிரம் கும்முகும்முனு எரைஞ்சுதுங்க. காலை அடக்கி அடக்கி மிதிச்சேன், நரம்பு சுண்டிக்கிச்சு. பாடின அந்தம்மா சுசித்ரா, மைக்கைக் கூட்டச் சொல்லி சவுண்டு மேசையைப் பாத்துக் கையக் கையக் காட்டுனாங்க. யாரும் கூட்டலை. மூணாவது சுத்துல சரியாப் போச்சு."

"நோடு, இங்க பாரு, நான் கச்சேரி எப்படி இருந்துச்சுன்னு கேக்கலை," என்றாள் சௌம்யா. "போ."

அந்த டிரம் செட் கடையுடையது. பழசு. பெரிய டிரம்மின் முன்தோல் கிழிந்துபோய், கறுப்புத் துணி தொங்கவிட்டிருந்தார்கள். இரைச்சல் தாங்கவில்லை என்று அக்கம்பக்கத்து வீடுகள் சண்டைக்கு வந்தபோது, தருண்குமார்தான் ஏதோ செய்து அதன் சத்தத்தைக் குறைத்திருந்தார். மாடியைப் பூட்டி சீல் வைத்துவிட்டு சௌம்யா கிளம்பினாள்.

திங்கள், காலை 9.00. காவேரியை ஜீப்பில் ஏற்றினார்கள். தெருவே நின்று பார்த்தது.

11.10. ஊரோரம் போகாதி என்ற இடத்தில் சிலாப் போட்டுக்கொண்டிருந்தார்கள். சித்தாள் ஒருத்தி ஈரச் சாக்குகளைக் காலித் தார் டிரம்முக்குள் எறிந்துவிட்டுப் போனாள். மேஸ்திரி ஆட்களைக் கூப்பிட வழக்கம்போலக் கம்பியால் டிரம்மைத் தட்டினார். தினமும் தெருமுனை வரை அதிர்கிற டிரம், தொப்பென்றது.

"ஏன்டா இதுக்கு நோவு வந்திருச்சு?" என்றார் மேஸ்திரி. ஆட்கள் சிரித்தார்கள்.

சேகரன் சிரிக்கவில்லை. தலையில் சட்டியோடு அப்படியே நின்றான்.

"என்னடா செலையாட்டம்? கலவை இறுகுது."

கான்கிரீட்டைப் பாதியில் நிறுத்த முடியாது. பாதியில் போகிறவனை மேஸ்திரி மறுநாள் சேர்க்க மாட்டார். சௌம்யாவின் நம்பர் சேகரனிடம் இல்லை. யாரிடமாவது கேட்டிருந்தால் கிடைத்திருக்கும். அவன் சட்டியைக் கொட்டிவிட்டு அடுத்த சட்டிக்குப் போனான்.

மாலை 5.40. சிமெண்ட் காயாத காலோடு ஸ்டேஷனுக்குள் வந்தான்.

"மேடம், அந்த சுசித்ராம்மா போனை ஸ்டாண்டுல வெச்சு எல்லாரையும் படம் புடிச்சாங்க, அவங்க பாடினதையுந்தான். அதைக் கேக்கணுங்க."

சௌம்யாவுக்குச் சலிப்பு. ஆனாலும் சுசித்ராவிடம் வாங்கிப் போட்டாள். 5.47க்கு எடுத்த வீடியோவில் டிரம் தொப் தொப் என்றது. 6.31க்கு எடுத்ததில் கும் கும் என்று அறையே அதிர்ந்தது. 7.14க்கு எடுத்ததில் மறுபடி தொப் தொப்.

"ஹௌதா, அப்படியா?" என்று நிமிர்ந்தாள் சௌம்யா. "ஒரே டிரம்மா?"

"ஒரே டிரம், ஒரே காலுங்க."

அன்று மாலை 6.20க்குச் சீலை உடைத்து மாடியைத் திறந்தார்கள். தருண்குமாரையும் வரச் சொல்லியிருந்தாள். சேகரன் மண்டியிட்டுக் கறுப்புத் துணியை ஒதுக்கினான்.

"டிரம் எரையாம இருக்க உள்ள தலகாணி வெப்பாங்க மேடம். எல்லா ஊர்லயும் உண்டு. அது உள்ள இருந்தா தொப்புங்கும். எடுத்துட்டா கும்முங்கும். மொத இடைவேளையில எடுத்திருக்காங்க, ரெண்டாவதுல திரும்ப வெச்சிருக்காங்க."

சௌம்யா கையுறை மாட்டிக்கொண்டு தலையணையை வெளியே இழுத்தாள். நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு வெற்றிலைச் சிவப்பு.

கீழே தெருவில் பால் வண்டி போனது.

"கட்டில் தலகாணிய உருவினா கெழவர் முழிச்சுக்குவாரு," என்றாள் சௌம்யா மெல்ல. "அதனால இது. சரி, உடனே ஏன் திரும்ப வெக்கலை?"

"நான் டிரம்முல உக்காந்திருந்தனுங்களே. ஏழு மணிக்குத்தான் எழுந்தேன்."

"காவேரியும் எடுத்திருக்கலாமே மேடம்," என்றார் தருண்குமார்.

சேகரன் அவர் பக்கம் திரும்பினான். "மொத இடைவேளையில அவ கீழ காபி ஊத்திட்டிருந்தா சார். இருவது பேரும் அவ கையாலதான் வாங்கிக் குடிச்சோம். மேல இருந்தது நீங்க ஒருத்தர்."

சௌம்யா 6.31 வீடியோவை மறுபடி ஓட்டினாள். சுசித்ரா பாடியபடியே கையை உயர்த்தி உயர்த்திக் காட்டினாள். அவள் காட்டிய பக்கத்தில் சவுண்டு மேசை. அதன் பின்னால் காலி நாற்காலி.

"உங்க நாற்காலிதானே, அல்வா?" என்றாள் தருண்குமாரிடம். "டிரம் அதிர்ற நேரமாப் பாத்து உள்ள போயிருக்கீங்க. அவர் முனகினா வெளிய கேக்காது. ஏழு மணிக்குத் தலகாணிய டிரம்ல வெச்சுட்டுக் காவேரிய காபியோட அனுப்பினீங்க. ஏழு மணிக்கு உங்ககிட்டப் பேசினது யாரு? அதுக்கு முன்னாலயே செத்தவரா?"

தருண்குமார் மேடை விளிம்பில் உட்கார்ந்துவிட்டார்.

"மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணுன்னாரு. வெத்தலையை மென்னுக்கிட்டே சொன்னாரு மேடம். நாலு வருசக் கடை. மென்னுக்கிட்டே சொன்னாரு."

இரவு 8.00. காவேரியை அனுப்பிவிட்டார்கள். சேகரன் அவளோடு நடந்தான். சந்து திரும்பியதும் இருவரும் நின்றார்கள்.

காவேரியின் சாமான் எல்லாம் வீட்டுக்கு வெளியே கிடந்தது. அடுப்பு, பாய், தட்டுமுட்டு, துணி மூட்டை. போலீஸ் கொண்டுபோனவளுக்கு வீடில்லை என்று வீட்டுக்காரம்மா மூன்று மணிக்குத் தூக்கி எறிந்திருந்தாள். நாலரைக்கு மழை வந்தது. கதவில் புதுப் பூட்டு தொங்கியது.

"நெசம் தெரிஞ்சுதுன்னு சொல்லிப் பாக்கலாம் அம்மிணி," என்றான் சேகரன்.

"தட்டிப் பாருங்க. தொறக்க மாட்டா."

தட்டினான். உள்ளே விளக்கு அணைந்தது.

காவேரி குந்தி உட்கார்ந்து அரிசிப் பையைத் தூக்கினாள். அடியிலிருந்து தண்ணீர் ஒழுகியது.

"அந்தச் சத்தம் வெவகாரம் உங்களுக்கு எப்பங்கண்ணா தெரிஞ்சுது?"

பொய் சொல்லலாமா என்று யோசித்தான். "காலைல. பதினொண்ணு பத்துக்கு."

"ஸ்டேஷனுக்கு எப்ப வந்தீங்க?"

"அஞ்சு நாப்பது."

அவள் பையை முறுக்கிப் பிழிந்தாள். ஊறிய அரிசி விரலிடுக்கில் மாவாய்ப் பிதுங்கியது.

"சிலாப் முடிஞ்சுதுங்களா?"

"முடிஞ்சுது."

காவேரிக்குச் சேகரன் ஆறரை மணி நேரம் கடன்பட்டிருந்தான்.