பின்சீட்டுப் பாரம்

மழையில் அந்தக் கார் வாலை ஆட்டவில்லை. தனுஷ்கோடிக்கு முதலில் உறுத்தியது அதுதான்.

சிங்கப்பூரிலிருந்து திரும்பியவர் ஒருவரிடம் மலிவாக வாங்கிய ஜப்பான் கார். இரண்டே கதவு, தரையோடு தரையாகப் படுத்த உடம்பு, உந்தித் தள்ளுவதெல்லாம் பின்சக்கரம். அதைப் பற்றிப் பேசினாலே அவனுக்கு வாயெல்லாம் பல். ஆனால் பின்னால் பாரம் இல்லாவிட்டால் ஈரச் சாலை வளைவில் வால் ஒதுங்கும். தன் கம்பெனியின் பேண்டேஜ் துணி மூட்டை ஒன்றைப் போட்டால்தான் அடங்கும். அன்று மூட்டை இல்லை. ஆனாலும் ஸ்ரீவில்லிபுத்தூரைத் தாண்டி, புளியமரங்களுக்கு நடுவே அந்தி கவிந்துகொண்டிருந்த ராஜபாளையம் சாலையில், கார் பிடித்து வைத்தாற்போல் ஓடியது. வைப்பர் சத்தத்துக்கு அடியில் பின்சீட்டு ஸ்பிரிங் முனகியது. சாமந்தியும் ஊதுபத்தியும் கலந்த வாடை அடித்தது.

துட்டி வீட்டிலிருந்து வருகிறார்கள். செத்துப்போனது அவன் மனைவியின் அக்கா கருத்தம்மா. பிள்ளை இல்லாதவள்; அவனுடைய ஆறு வயது மகள் சீனியைத் தத்துக் கேட்டுக் கேட்டு, ஒவ்வொரு தடவையும் அவனிடம் முகத்தில் அடித்தாற்போல் பதில் வாங்கியவள். பிணம் எடுப்பு மறுநாள்தான். பிள்ளை பயப்படுகிறாள் என்று, மனைவி பரிபூரணத்தை அங்கேயே விட்டுவிட்டு, மகளோடு கிளம்பினான்.

துட்டி வீட்டில் சொல்லிக்கொள்ளாமல் கிளம்ப வேண்டும், புறப்படும்போது யாரையும் கூப்பிடக் கூடாது என்பது அவனுக்குத் தெரியாததல்ல. பழக்கதோஷம். வாசலில் நின்று, பின்சீட்டுக்கு வழிவிட முன்சீட்டை மடக்கி, "வா, ஏறு, போவோம்" என்று உரக்கச் சொல்லிவிட்டான். பரிபூரணம் வாயைப் பொத்திக்கொண்டாள். சீனியோ மறுபக்கமாக நுழைந்து முன்னால் உட்கார்ந்துவிட்டாள். பின்னால் யாரும் ஏறவில்லை. அவன் சீட்டை நிமிர்த்தினான்.

இப்போது சீனி முட்டி போட்டு, பின்பக்கம் பார்த்துச் சிரித்தாள்.

"அப்பா, பெரியம்மா கூப்பிடுதாக."

"ஏட்டி, பேசாம உக்காரு. பெரியம்மா வீட்டுல படுத்திருக்காக."

அதற்குள் இரண்டு சீட்டுக்கும் இடையே புகுந்துவிட்டாள். அவன் எட்டிப் பிடித்த கவுன் நுனி நழுவியது. எதிரே லாரி. ஸ்டியரிங்கை ஒடித்தான். வால் அசையவில்லை.

சிரிப்பு நின்றது.

"சீனி."

ஸ்பிரிங் மட்டும் முனகியது.

ஓரங்கட்டினான். பின்னால் கதவு கிடையாது. மழையில் சுற்றி ஓடினான். முன்சீட்டை மடக்கினான்.

சீனி கண்மூடிக் கிடந்தாள். கால் சீட்டின் மேல் இருந்தது. தலை அந்தரத்தில், ஒரு மடியின் உயரத்தில் சாய்ந்திருந்தது. கீழே ஒன்றுமில்லை. நெற்றி முடி இழை இழையாகக் காதோரம் ஒதுங்கியது.

அவள் கையைப் பற்றி இழுத்தான். வரவில்லை. விரல்கள் சில்லிட்டுக்கொண்டே வந்தன. இன்னும் பலமாக இழுத்தான்.

அந்தப் பக்கமிருந்தும் இழுத்தார்கள். நிதானமாக.