கேத் லேபில் ஒரு மில்லி

காலை 9.20. திருப்பூரின் ஒரு தனியார் மருத்துவமனை. இதயத்துக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் கேத் லேப் மேசையில் படுத்திருந்த கன்னையனுக்கு மூச்சு நின்றது. மாஸ்க்கை அழுத்தி, மயக்கத்தை முறிக்கும் மருந்தை ஏற்றி, டாக்டர் முகிலன் மூச்சைத் திரும்ப வரவழைத்தார்.

11.00. புகாரின்பேரில் இன்ஸ்பெக்டர் சீனிச்சாமி வந்தபோது வராந்தா சந்தைக்கடையாக இருந்தது. கன்னையன் முப்பது வருஷக் கட்டிங் மாஸ்டர். பனியன் கம்பெனியே திரண்டு வந்திருந்தது. ஆளுக்கொரு தீர்ப்பு. சீனிச்சாமிக்குத் தலை வலித்தது.

"மயக்க மருந்து நான் ஒரு மில்லிதான் போடச் சொன்னேன். அஞ்சு மில்லி குப்பி காலியாக் கெடக்குதுங்க," என்றார் முகிலன்.

"ஒரு மில்லிதான் சார் போட்டேன்," என்றாள் நர்ஸ் நதியா. "மிச்சத்த சிங்க்ல ஊத்திட்டேன். எப்பவும் அப்படித்தான்."

"யாரு பார்த்தது?"

"யாரும் பாக்கல சார்."

நல்ல பதில்! உள்ளே அவளை வேலையைவிட்டு நீக்கும் கடிதம் தயாராகிக்கொண்டிருந்தது. வழக்கும் வந்தால், இனி எந்த ஊரிலும் அவள் ஊசியைத் தொட முடியாது.

11.25. கன்னையனின் மனைவி சுப்பாத்தாள் அழுதுகொண்டிருந்தாள்.

"அவரு வேற மாத்திரை ஏதாச்சும் சாப்பிடறாருங்களா?" என்று கேட்டார் சீனிச்சாமி.

"பிரஷர் மாத்திரை மட்டுந்தானுங்க. இந்த நர்ஸ் பொண்ணும் காலைல மூணு வாட்டி கேட்டுச்சுங்க."

"பயந்தாருங்களா?"

"முழிச்சுட்டேதான் இருக்கோணும்னு டாக்டர் சொன்னாருங்க. ஊட்டுக்குப் போறேன்னு ஒரே அடமுங்க. அப்புறம் அடங்கிட்டாருங்க."

சீனிச்சாமி ஃபைலை வாங்கினார். நேற்று சேரும்போது கன்னையன் போட்ட கையெழுத்து கோடு பிடித்தாற்போல் நேர். இன்று 8.40-க்குப் போட்ட சம்மதக் கையெழுத்து கட்டத்தை விட்டுக் கீழே சரிந்து, பாதியில் நின்றிருந்தது.

"பயம்," என்றார் முகிலன்.

"பயந்தா கை நடுங்கும் டாக்டர். இது தூங்கி விழுந்த கை. ஊசி போட்டது எப்போ?"

"ஒன்பதேகாலுக்கு."

"அதுக்கு முன்னாடியே ஆளு பாதித் தூக்கத்துல இருந்திருக்காரு! இத்தனை பேரு படிச்சு என்னத்தக் கண்டீங்க?" எரிச்சலோடு சுப்பாத்தாளிடம் திரும்பினார். "அம்மா, நீங்க தூக்க மாத்திரை போடுவீங்களா?"

"ஆமாங்க."

"காலைல அவருக்கு எத்தனை குடுத்தீங்க?"

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "மூணுங்க. பயமில்லாமப் படுத்திருக்கட்டும்னு."

"நர்ஸ் கேட்டப்போ சொல்லலையே?"

"அவரோட மாத்திரையத்தானுங்க கேட்டுச்சு. அது எம்பட மாத்திரைங்க."

சீனிச்சாமி தலையில் அடித்துக்கொண்டார். "மூணு மாத்திரைக்கு மேல ஒரு மில்லி. மூச்சு நின்னது அதனாலதான். டாக்டர், அந்தக் கடிதத்தக் கிழிங்க."

நதியாவுக்கு அழுகை வரவில்லை, முகிலன்மேல் கோபம்தான் வந்தது. "மூணு வருஷமா உங்க பக்கத்துல நின்னு வேலை பாக்குறேன் சார். என்னைய ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

பதிலுக்கு அவள் நிற்கவில்லை. கன்னையனின் மூச்சு சீராக இருக்கிறதா என்று பார்க்க ஐசியூவுக்குப் போய்விட்டாள்.