திக்கி நின்ற ஆறு

காலை 11.40. ஆறு செத்துப்போயிற்று.

போனில் விளையாடும் ஒரு விளையாட்டுக்குள் ஓடும் ஆறு அது. மாடியறையில் நாலு நாற்காலி போட்டு அதைத் தயாரிக்கும் நிறுவனத்தின் முதலாளி, கரையில் சுகமாக மீன் பிடித்துக்கொண்டிருந்தார். முதலில் நீர் லேசாக விக்கியது. அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு நன்றாகவே திக்கியது. நிற்கும், ஒரு துள்ளு துள்ளும், மறுபடி நிற்கும்.

"நாலு மணிக்கு விளையாட்டை வாங்க வர்றவங்க முன்னாடி மானம் போயிடும்! இந்த ஆத்தைச் செஞ்சது யாரு?"

யாரென்று அவருக்கே தெரியும். ஓவியப் பெண். விளையாட்டுக்குப் படம் வரைபவள்; சேர்ந்து இரண்டு மாதம். மற்ற இருவரும் அவருடைய அக்காள் பிள்ளைகள். மூத்தவள் விளையாட்டைச் சோதித்துக் குறை கண்டுபிடிப்பவள். எதையும் சலித்துப் பார்ப்பதால் சல்லடை என்றே பெயர். இளையவன் கம்பைலர்க்காரன். நீரை ஓட வைக்க ஓவியப் பெண் எழுதும் நிரலைப் போனுக்குப் புரியும்படி மாற்றிக் கொடுக்கும் கம்பைலர் அவன் கைவேலை.

"இதுக்குக் காரணம் யாரோ, அவங்க நாளையிலேருந்து வர வேண்டாம்" என்றார் முதலாளி.

ஓவியப் பெண் மேசை இழுப்பறையைக் காலி செய்யத் தொடங்கினாள். சல்லடை எழுந்தாள்.

"கொஞ்சம் பொறும்மா. பிணத்தைப் பார்க்காம பழியைப் போடக் கூடாது."

11.50. தம்பி போனை வாங்கினான். விளையாட்டை மூடித் திறந்தான். ஒரு நிமிடம் பார்த்தான். "ஓடுதே!"

11.55. ஓவியப் பெண் மூடித் திறந்தாள். "நல்லாத்தான் ஓடுதுக்கா." காலையிலிருந்து மூடாமல் கிடந்த அவள் மடிக்கணினியிலும் ஆறு ஒழுங்காக ஓடியது.

12.00. முதலாளி மூடித் திறந்தார். ஓடியது. "அப்போ நான் பொய் சொல்றேனா?"

"இல்லை மாமா. எத்தனை மணிக்குத் திறந்தீங்க?"

"பதினொண்ணு அஞ்சு."

"நடுவுல மூடினீங்களா?"

"மீன் மாட்டுற நேரத்துல எவன் மூடுவான்?"

"போன் சூடாச்சா?"

"அதான் ஆச்சரியம். போன வாரம் அடுப்பு மாதிரி கொதிச்சுது. இன்னைக்குக் கன்னத்துல வச்சுத் தூங்கலாம்."

தம்பி காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான். சல்லடை அதைக் கண்டும் காணாததுபோல் திரையில் கரையோரக் காற்றாலையைக் காட்டினாள்.

"இது யார் வேலை?"

"நான் செஞ்சது! ஒரு குறை சொல்ல முடியுமா?" என்றார் முதலாளி.

12.10. சல்லடை விளையாட்டைப் புதிதாகத் திறந்து, போனை ஜன்னலோரம் சாய்த்து வைத்து, பக்கத்தில் நாற்காலி போட்டுக் காவல் உட்கார்ந்தாள். தம்பிக்குக் கை அரித்தது.

"ஒரே ஒரு தடவை மூடித் திறந்துட்டா..."

புறங்கையில் அடி விழுந்தது.

12.45. கொஞ்ச நேரமாய் விக்கிக்கொண்டிருந்த ஆறு நின்றது. துள்ளியது. நின்றது. மூன்று பேரும் நீரையே வெறித்தார்கள்.

"தண்ணியை விடுங்க. காத்தாலையைப் பாருங்க" என்றாள் சல்லடை.

காற்றாலையும் நின்றது. துள்ளியது. நின்றது.

முதலாளி முகம் சுண்டிப்போனது. "என்னோடதுமா?"

"ரெண்டு பேர் செஞ்சது ஒரே தாளத்துல திக்கினா, தப்பு செஞ்சவங்க மேல இல்லை. ரெண்டும் யார் கை வழியாப் போனுக்குப் போகுதோ, அவன் மேல. தம்பி, நீதான்டா."

"நானா?"

"போன் சூடாகுதுன்னு மாமா திட்டினார். நீ என்ன பண்ணினே? எல்லா எண்ணையும் பாதி இடத்துல எழுதச் சொல்லிக் கம்பைலருக்கு உத்தரவு போட்டே. வேலை குறைஞ்சுது, சூடும் குறைஞ்சுது. நிறத்துக்குப் பாதி இடம் தாராளம். ஆனா விளையாட்டு திறந்து எத்தனை விநாடி ஆச்சுங்கிற கணக்கையும் அதே சின்னக் கட்டத்துல திணிச்சே. அதை வச்சுத்தான் ஆறு ஓடுது, காத்தாலை சுத்துது. ஒண்ணே கால் விநாடின்னா புள்ளிக்கப்புறம் எழுத இடமிருக்கு. எண் பெருசாக ஆக அந்த இடம் குறையும். ரெண்டாயிரத்துச் சொச்சத்தைத் தாண்டினா, ரெண்டு ரெண்டாத்தான் எண்ண முடியும். நடுவுல எல்லாம் நிக்கும், அப்புறம் துள்ளும்."

"முப்பத்தஞ்சு நிமிஷம்..." ஓவியப் பெண் விரல் விட்டு எண்ணினாள். "ரெண்டாயிரத்து நூறு விநாடி!"

"மடிக்கணினி அந்த உத்தரவை மதிக்கிறதில்லை, முழு இடத்துலயே எழுதிக்கும். அதான் அங்க பிழைச்சுது."

"காலையிலேயே நாங்க மூணு பேரும் பார்த்தோமே?" என்றான் தம்பி.

"எங்க பார்த்தீங்க? மூடித் திறந்தா விநாடி சைபர்லேருந்து. செத்தவனை எழுப்பி உட்கார வச்சு, உடம்புக்கு என்னன்னு ஆளாளுக்கு விசாரிச்சீங்க."

முதலாளி தொண்டையைக் கனைத்தார். "சரி, வீட்டுப் பையன்... தெரியாம..."

"அந்தப் பொண்ணுக்கு மட்டும் தெரிஞ்சே செஞ்ச மாதிரி தண்டனையா, மாமா?"

 முதலாளி ஓவியப் பெண் பக்கம் திரும்பினார். "இழுப்பறையை மறுபடி அடுக்கும்மா. அவசரப்பட்டுட்டேன்."

"அடுக்கறேன் சார். ஆனா என் நிரல்ல எந்த எண்ணைச் சுருக்கணும்னாலும், முதல்ல என்னைக் கேட்கணும்."

"கேட்பான்" என்றார் அவர், தம்பியைப் பார்க்காமல்.

1.15-க்குத் தம்பி விநாடிக் கணக்குக்கு மட்டும் முழு இடம் கொடுத்தான். 1.55 வரை யாரும் போனைத் தொடவில்லை. ஆறு ஓடியது. போன் இளஞ்சூடாக இருந்தது, அவ்வளவுதான்.

வந்தவர்கள் நாலு மணிக்கு உட்கார்ந்து ஐந்து மணிவரை மீன் பிடித்தார்கள். அவர்களை வழியனுப்பிவிட்டுப் படியேறும்போது தம்பி முணுமுணுத்தான்.

"கூடப் பிறந்தவன்னு கொஞ்சமாவது பார்த்தியா?"

"பார்த்ததாலதான்டா முப்பத்தஞ்சு நிமிஷம் காவல் இருந்தேன். வேற எவனாவது காலரைத் தூக்கியிருந்தா, பன்னெண்டு மணிக்கே பேரைச் சொல்லியிருப்பேன்."