ஃபெர்லாக்கில் காணாமல் போன முக்குழல் துப்பாக்கி

துப்பாக்கி செய்யும் ஆஸ்திரிய ஊர் ஃபெர்லாக். 1988 அக்டோபர், செவ்வாய்க்கிழமை. காலை 9.50.

தபால் அலுவலகத்திலிருந்து திரும்பிய ஹெட்விக் ஓக்ரிஸ், கண்ணாடி அலமாரியைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். போன மாதம் காலமான தாய்மாமன் ஃப்ளோரியன் அவளுக்கென்று எழுதிவைத்த வேட்டைத் துப்பாக்கி அங்கே இல்லை. மேலே சிதறுகுண்டுக்கு இரண்டு குழல், கீழே தோட்டாவுக்கு ஒன்று. பூட்டு உடையவில்லை. சாவி வழக்கம்போல் கடிகாரத்தின் பின்னால் தொங்கியது. வாசல்கதவைப் பூட்டும் வழக்கம் அந்த வீட்டில் இல்லை.

10.30. இன்ஸ்பெக்டர் வுட்டே வந்தார். மேஜைமேல் கிடந்த பூதக்கண்ணாடியைத்தான் முதலில் பார்த்தார்.

"இது எதுக்கும்மா?"

"துப்பாக்கியோட பூர்வீகத்தைத் தேடிட்டிருந்தேன் சார். செஞ்சவர் பேர் எங்கயும் இல்ல. தாத்தா கல்யாணத்துக்கு நம்ம ஊர்ல புதுசா வாங்கினது, அறுபது வருஷம் ஆச்சுன்னு வீட்ல சொல்வாங்க. மாமாவும் கடைசிவரை அதைத்தான் சொன்னார். நேத்து சாயங்காலம் கழட்டிப் பார்த்தேன். குழலுக்கு அடியில ஜெர்மனியில இருக்கிற சூல் நகரத்துச் சோதனை முத்திரை இருந்தது. பக்கத்துல ஆறு, பதிமூணுன்னு எண். 1913 ஜூன்."

"யார்கிட்ட சொன்னீங்க?"

"யார்கிட்டயும் இல்ல. சூல்ல ஒரு நிபுணருக்கு எழுதினேன். அந்தக் கடிதத்தைப் போடத்தான் போனேன்."

எதிர்வீட்டு மிஷ்குல்னிக் அம்மாள் காலை முழுதும் ஜன்னலில்தான் இருந்தாள். வந்தவர்கள் மூன்றே பேர். "நீளமா எதையும் யாரும் தூக்கிட்டுப் போகல. பிர்க்கரோட கோட்டுகூடத் திறந்து காத்துல பறந்துட்டிருந்தது."

மதியத்துக்குள் மூவரும் கூடத்தில் இருந்தார்கள்.

பழம்பொருள் வியாபாரி பிர்க்கர் எரிச்சலாகச் சொன்னார். "கதவைத் தட்டினேன், ஆள் இல்ல, போயிட்டேன். அறுபது வருஷத்துக் கட்டைக்காக ஜெயிலுக்குப் போக நான் கிறுக்கனா?"

மாமாவின் வேட்டைக் கூட்டாளி வாலன்டின், கைத்தடிக் கிழவர். "தேன் பாட்டில் வச்சுட்டு வந்தேன். முப்பது வருஷம் அது பக்கத்துலயே நடந்திருக்கேன். ஃப்ளோரியன் யாரையும் தொடவிட மாட்டான்."

மூன்றாவது கெர்னோட், ஹெட்விக்கின் சித்தி மகன், ரொட்டிக்கடைக்காரன். அவன் அப்பா துப்பாக்கிச் சோதனைச்சாலையில் முத்திரை குத்தியவர். "தினமும்போல ரொட்டி வச்சுட்டு வந்தேன் சார். நான் அதைத் தொட்டதே இல்ல. எழுபத்தஞ்சு வருஷம் ஒரு கீறல் விழாம இருந்தது, இப்படிப் போயிடுச்சே."

"பெரிய கூடையா?" என்றார் வுட்டே.

"வீடுவீடாப் போகணுமே. பெரிசுதான்."

வுட்டே குறிப்பேட்டை மூடினார்.

"ஒரு மீட்டருக்கு மேல நீளமான பொருளை யாரும் வெளியே கொண்டுபோகல. ஆனா குழல், பின்கட்டை, முன்கட்டைன்னு கழட்டினா மூணு துண்டு. ரொட்டிக்கு அடியில அடங்கிடும். கழட்டினாத்தான் அந்த முத்திரையும் தெரியும். ஊரே அறுபதுன்னு சொல்லுது. நீங்க மட்டும் எழுபத்தஞ்சுன்னு சொன்னீங்க, கெர்னோட். முத்திரை வாசிக்க அப்பாகிட்டக் கத்துக்கிட்டிருப்பீங்க."

கெர்னோட் காது சிவக்கத் தலை குனிந்தான். "மாவு அறையில இருக்கு. எண்ணெய்த் துணில சுத்தி வச்சிருக்கேன்."

"ஏன்டா?" என்றாள் ஹெட்விக்.

"பிர்க்கர் விலைக்குக் கேட்டப்போ யோசிச்சுச் சொல்றேன்னு சொன்னியே அக்கா. நீ வித்துடுவியோன்னு பயந்தேன். மாமா உன்னைத்தான் மலைக்குக் கூட்டிட்டுப் போனார். எனக்கு அவர் ஞாபகமா ஒண்ணும் இல்ல."

"அவரை வாசலோட அனுப்பறதுக்குச் சொன்னதுடா, மடையா."

பிர்க்கர் தொப்பியை எடுத்துக்கொண்டார். புகார் எழுதவா என்று வுட்டே பார்வையால் கேட்டார். ஹெட்விக் வேண்டாம் என்று தலையசைத்தாள்.

மூன்றாம் வாரம் சூலிலிருந்து பதில் வந்தது. ஹெட்விக் அதை ரொட்டிக்கடைக்கே எடுத்துப்போய்ப் படித்துக் காட்டினாள். துப்பாக்கியைச் செய்த சூல் பட்டறையின் பழைய பதிவேட்டில் இருந்தது இது: ஃபெர்லாக் ஊர் ஷ்ட்ரூகர் கேட்டுக்கொண்டபடி, அவருடைய பதினேழு வயது மகள் அகாதேவுக்காக. அண்ணன்களைவிட நன்றாகச் சுடுகிறாளாம்; அவள் தோளுக்கு ஏற்பப் பின்கட்டை குட்டையாக இருக்கட்டும்.

அகாதே அவர்கள் இருவருக்கும் பாட்டி.

"அப்போ தாத்தா வாங்கலையா?" என்றான் கெர்னோட்.

"தாத்தாவுக்குச் சீதனமா வந்திருக்கு. வெளியே சொல்ல வெட்கம்போல."

கெர்னோட் மாவுக் கையோடு விழுந்து விழுந்து சிரித்தான். சிரிப்பு அடங்கியதும் ஹெட்விக் கேட்டாள்: "சனிக்கிழமை மலைக்கு வேட்டைக்குப் போறேன். வர்றியா?"

"எனக்குச் சுடத் தெரியாதே அக்கா."

"பாட்டியும் யார்கிட்டயோ கத்துக்கிட்டவங்கதானே" என்றாள் ஹெட்விக்.